ஒரு பகலுக்காக இரண்டு இரவுகள்

ஒவ்வோர் இரவும் தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் சென்னைக்கு ரயில்கள் கிளம்புகின்றன. அவற்றில் ஏறுபவர்களில் கணிசமானோர் சென்னையில் தங்குவதற்காக வருபவர்கள் அல்லர். காலையில் இறங்கி, மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ நேர்முகத் தேர்விலோ ஒரு வேலையை முடித்துக்கொண்டு, அன்று இரவே ஊர் திரும்புபவர்கள். இந்த ஒரு நாள் பயணியை முன்பதிவு விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கால அட்டவணையும் எடுத்துக்கொள்வதில்லை. வந்திறங்கும் தலைநகரமும் எடுத்துக்கொள்வதில்லை.

கடந்த சில ஆண்டுகளில் ரயில்வே கொண்டுவந்த மாற்றங்களை வரிசையாகப் பாருங்கள். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்தது. 2025 மே மாதம் முதல், காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்கள் படுக்கை வசதிப் பெட்டிகளில் ஏறக் கூடாது என்ற விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் இணையவழி தட்கல் பயணச்சீட்டுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது.

ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. தரகர்களைத் தடுக்க வேண்டும். உறுதியான இருக்கை பெற்றவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும். ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் சேர்ந்து, பத்து நாட்களுக்கு முன்னால்தான் பயணமே தெரியவருகிற ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அறுபது நாள் கணக்கு

திருமணத்துக்குப் போகிறவருக்கு அறுபது நாட்களுக்கு முன்பே தேதி தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவருக்கும் தெரியும். அதனால்தான் அந்த நாட்களுக்கான இருக்கைகள், பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோகின்றன.

ஆனால், உள்ளூர் மருத்துவர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, ‘சென்னையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்’ என்று எழுதிக் கொடுக்கும்போது அடுத்த வாரத்துக்குத்தான் தேதி கிடைக்கிறது. சான்றிதழ் சரிபார்ப்புக்கான அழைப்பு சில நாட்கள் இடைவெளியில்தான் வருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ‘பதினைந்து நாள் கழித்து வாருங்கள்’ என்கிறார்கள். இவர்கள் பயணச்சீட்டு எடுக்க உட்காரும்போது நெல்லை, பாண்டியன், முத்துநகர், பொதிகை, கன்னியாகுமரி என எந்த இரவு ரயிலைப் பார்த்தாலும் காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடக்கும்.

மிஞ்சுவது தட்கல். புறப்படும் நாளுக்கு முந்தைய நாள், குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் சாதாரண வகுப்புக்கு 11 மணிக்கும் பதிவு திறக்கிறது. முதல் அரை மணி நேரம் முகவர்கள் பதிவு செய்ய முடியாது, நல்ல விதிதான். ஆனால், ஆதாருடன் இணைந்த கைப்பேசி, கடவு எண், வேகமான விரல்கள் ஆகிய மூன்றும் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வயதான தம்பதிக்கு அந்த அரை மணி நேரம் கைகூடுவதே இல்லை.

புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காகப் பயணம் செய்யும்போது படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் அடிப்படைக் கட்டணத்தை முழுமையாகவே ரயில்வே தள்ளுபடி செய்கிறது. மனிதநேயம் மிக்க சலுகை அது. ஆனால் கட்டணம் இல்லை என்பதும் படுக்கை உண்டு என்பதும் ஒன்றல்ல. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குத் தேதி வாங்கிய ஒருவருக்கு முதலில் வேண்டியது முதுகைச் சாய்க்க ஓர் இடம்.

அவசர ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நடைமுறையில் அது மக்கள் பிரதிநிதிகளின், அதிகாரிகளின் பரிந்துரைக் கடிதத்தோடு போகிறவர்களுக்கே எட்டுகிறது. கடிதம் வாங்க யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்களே நம்மில் அதிகம்.

முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பெருந்தொற்று முடிந்து இத்தனை காலம் ஆகியும் அது திரும்பி வரவில்லை. அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும் ஐம்பத்தெட்டைத் தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் கிடைத்துவந்தது. மருத்துவமனைக்கு மாதந்தோறும் வந்துபோகும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல.

பொதுப் பெட்டியில் ஓர் இரவு

எந்தச் சீட்டும் கிடைக்காதவர்கள் இறுதியில் வந்து சேரும் இடம் முன்பதிவில்லாப் பெட்டி. மதுரையிலும் நெல்லையிலும் ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே நடைமேடையின் இரு முனைகளிலும் வரிசை நிற்கும். ரயில்வே பாதுகாப்புப் படையினர் வரிசையை ஒழுங்குபடுத்துவார்கள். பெட்டி வந்து நின்றதும் அந்த ஒழுங்கு ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

புதிய வகைப் பொதுப் பெட்டியில் சுமார் நூறு பேர் உட்காரலாம். இரவு ரயிலில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை யாரும் எண்ணுவதில்லை. பொருள் வைக்கும் பலகையில் ஆட்கள் படுத்திருப்பார்கள். இருக்கைகளுக்கு நடுவே துண்டை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தியிருப்பார்கள். கழிப்பறைக் கதவை ஒட்டி, திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று வழிவிட்டபடி பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விருதுநகரிலோ கோவில்பட்டியிலோ ஏறிய ஒரு பெண், கூட்டத்தைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகவே மாலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார். அவர் மறுநாள் போகவேண்டியது சிறுநீரக மருத்துவரிடமாகவும் இருக்கலாம்.

நெல்லையிலிருந்து சென்னை ஏறத்தாழ 650 கிலோமீட்டர். பத்து மணி நேரம் இப்படி வந்துதான் ஓர் இளைஞர் நேர்முகத் தேர்வில் உட்காருகிறார். எதிரில் இருக்கும் போட்டியாளர் சென்னையில் தன் வீட்டில் தூங்கி எழுந்து வந்தவர். மதிப்பெண் பட்டியலில் இந்த வேறுபாடு எங்கும் பதிவாவதில்லை.

22 பெட்டிகள் கொண்ட விரைவு ரயிலில் பொதுப் பெட்டியும் சாதாரணப் படுக்கை வசதிப் பெட்டியுமாகச் சேர்த்து 12, குளிர்சாதனப் பெட்டி 8 என்பதுதான் ரயில்வேயின் அறிவிக்கப்பட்ட கொள்கை. பல ரயில்களில் பொதுப் பெட்டிகளை நான்காக உயர்த்தும் பணியையும் 2024-ல் ரயில்வே தொடங்கியது. வரவேற்கத்தக்கது. சென்னைக்கு வரும் இரவு ரயில்கள் ஒவ்வொன்றிலும் இந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதைத் தெற்கு ரயில்வே பொதுவில் வெளியிட வேண்டும்.

நாகர்கோவிலுக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் அந்த்யோதயா, முழுக்க முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகள் கொண்டது. மதுரையிலிருந்து நேராக விழுப்புரம் போகாமல் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிற ரயில் அது. நேர் வழியில் அப்படி ஒன்று ஓடினால் இரவு ரயில்களின் பொதுப் பெட்டிகளில் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

பகல் ரயில் யாருக்காக?

இரவில் துன்பப்படுவானேன், பகல் ரயிலில் போய்வரலாமே என்று கேட்கலாம். கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.

நெல்லையில் காலை 6 மணியளவில் கிளம்பும் வந்தே பாரத், எழும்பூரை அடையும்போது பிற்பகல் ஒன்றே முக்கால் ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் அதே ரயில் திரும்பிவிடும். கட்டணம் உணவோடு சேர்த்து 1,600 ரூபாயைத் தாண்டுகிறது. காரைக்குடியிலிருந்து வரும் பல்லவன் நண்பகல் பன்னிரண்டேகாலை ஒட்டி எழும்பூர் சேர்ந்து, மூன்றே முக்கால் வாக்கில் கிளம்பிவிடுகிறது. கோவை வந்தே பாரத் சென்ட்ரலுக்கு வருவது நண்பகலுக்குச் சற்று முன்னால்; திரும்பிச் செல்வது பிற்பகல் இரண்டரை மணியளவில். 1977-ல் தொடங்கிய வைகையில் மதுரையிலிருந்து வருபவர் எழும்பூரில் இறங்குவதற்குள், சென்னையிலிருந்து மதுரை செல்லும் வைகை கிளம்பிப் போயிருக்கும்.

புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடுகிறது. அரசு அலுவலகத்தில் மனுவோடு போகிறவர் காலையிலேயே நிற்க வேண்டும். ஆக, இந்தப் பகல் ரயில்களில் வந்து அன்றே வேலை முடித்துத் திரும்புவது நடக்காத காரியம்.

மதுரைக்கு ஓடும் தேஜஸ் ரயில் 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை ஏறத்தாழ ஆறேகால் மணி நேரத்தில் கடக்கிறது. ஆனால் அது காலையில் சென்னையிலிருந்து கிளம்பி, பிற்பகலில் மதுரையிலிருந்து திரும்புகிறது. நாகர்கோவில் வந்தே பாரத்தும் அப்படியே: அதிகாலை 5 மணிக்குச் சென்னையிலிருந்து புறப்பாடு. சென்னைவாசி ஒரே நாளில் தெற்கே போய்வர வழி இருக்கிறது. தெற்கே இருப்பவர் ஒரே நாளில் தலைநகருக்குப் போய்வர வழி இல்லை.

முன்பு இதற்குச் சொல்லப்பட்ட காரணம், ஒற்றைப் பாதை. எதிரே ஒரு ரயில் வந்தால் இன்னொன்று காத்திருக்க வேண்டும். இன்று சென்னையிலிருந்து மதுரை, நெல்லை வழியாக நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை முடிந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சை செல்லும் பழைய முதன்மைப் பாதைதான் இன்னும் ஒற்றைப் பாதையாகக் கிடக்கிறது. டெல்டா மக்களின் அந்தக் குறை தனியே பேசப்பட வேண்டியது.

திருச்சியிலிருந்து எழும்பூர் 337 கிலோமீட்டர். வந்தே பாரத் அந்தத் தூரத்தை நான்கு மணி நேரத்தை ஒட்டிக் கடக்கிறது. சாதாரணக் கட்டணத்தில் ஓர் அமரும் வசதி ரயில் காலை 5 மணிக்குத் திருச்சியில் கிளம்பினால், சற்று நிதானமாக வந்தாலும் ஒன்பதரைக்குள் சென்னையில் இருக்கும். மாலை 6 மணிக்குத் திரும்பினால் பத்தரைக்கு வீடு. இரண்டு இரவுகளும் சொந்தப் பாயில் கழியும். மதுரையிலிருந்தும் காலை நான்கரைக்குக் கிளம்பி பதினொன்றுக்கு முன்பே வந்துசேரலாம். பெட்டித் தொடரைச் சுத்தம் செய்வதும் சோதிப்பதும் இரவில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. பகலில் ஏழெட்டு மணி நேரம் அது சென்னையில்தானே நிற்கப்போகிறது!

அதிகாலை எழும்பூர்

‘ராத்திரி ஏறினால் விடியும்போது மெட்ராஸ்’ என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். விடிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

பாண்டியன் ஐந்து மணியை ஒட்டி வந்துவிடுகிறது; ஆறு, ஏழு மணிக்குள் மற்ற ரயில்கள் பலவும் வந்துவிடுகின்றன. மருத்துவமனையில் சீட்டுப் போடும் நேரத்துக்கு இன்னும் ஓரிரு மணி நேரம். அலுவலகம் திறக்க நான்கு மணி நேரம். பல் துலக்கி, குளித்து, உடை மாற்றி, பையை எங்காவது வைத்துவிட்டு, ஏதாவது சாப்பிட வேண்டும். இதற்கு நிலையத்தில் உள்ள ஏற்பாடு, வந்து குவியும் கூட்டத்தின் முன்னால் மிகக் குறைவு. ஓய்வறைகள் உண்டு, முன்கூட்டியே நிரம்பிவிடும். காத்திருப்புக் கூடத்தின் குளியலறை முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டே பலர் வெளியே நடக்கிறார்கள்.

வெளியே, கென்னட் லேன் பக்கம் விடுதிகள் நிறைய இருக்கின்றன. இரண்டு மணி நேரம் தங்குவதற்கு ஒரு நாள் வாடகை கேட்கும் விடுதிகளே அதிகம். இரவு ரயிலின் படுக்கை வசதிக் கட்டணத்தைவிட அது அதிகமாக இருக்கும். கணவன் மனைவி இருவர் வந்தால், முகம் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். நோயாளியோடு வந்த பெண்கள் படும் பாட்டைச் சொல்லில் அடக்க முடியாது.

பையின் கதை இன்னொன்று. பொருள் வைப்பறையில் பூட்டுப் போட்ட பெட்டியை, பையைத்தான் வாங்குவார்கள். பாதுகாப்புக்கான விதி அது. ஆனால் கிராமத்திலிருந்து வருகிறவர் கட்டைப்பையில் மாற்றுத்துணியும், பாலிதீன் உறையில் எக்ஸ்ரேயும், தூக்குவாளியில் புளிச்சோறும் கொண்டுவருகிறார். கட்டைப்பைக்கு எங்கே பூட்டுவது? அந்தச் சுமை நாள் முழுக்க அவரோடு அரசு பொது மருத்துவமனையின் மாடிகளில் ஏறி இறங்குகிறது.

பேருந்தில் வருகிறவர்களின் நிலையும் மாறிவிட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து சென்ட்ரல் வரை இன்னொரு பயணம். நகரத்துக்குள்ளேயே இறக்கிவிடும் ரயிலை மக்கள் மேலும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், எழும்பூரில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில ரயில்களும் தாம்பரத்தோடு நின்றுபோகின்றன. அங்கே மின்சார ரயிலுக்கு மறுபடி ஒரு வரிசை, மறுபடி ஒரு சீட்டு.

1908-ல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்க 734.91 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டு வேலை நடக்கிறது. வாகன நிறுத்தம், வணிக வளாகம், அகலமான முகப்பு எல்லாம் வரப்போகின்றன. வரட்டும். ஐம்பது பெண்களும் ஐம்பது ஆண்களும் ஒரே நேரத்தில் குளித்து உடை மாற்றும் அளவுக்கு ஒரு தூய்மையான கட்டணக் குளியல் கூடம் அந்த வரைபடத்தில் இருக்கிறதா? சுவர்கள் எழும்பும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. கட்டி முடித்த பிறகு கேட்டால் இடம் இல்லை என்பார்கள்.

பயணமே வேண்டாத வேலைகள்

2017 வரை, பொறியியல் கலந்தாய்வுக்காக மாநிலத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பெற்றோரும் பிள்ளைகளும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து மர நிழலில் காத்துக் கிடந்தார்கள். 2018-ல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. அந்தக் கூட்டம் அந்த ஆண்டே இல்லாமல் போனது. 2004 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை செயல்படத் தொடங்கிய பிறகு, குமரியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வழக்குக்காகச் சென்னைக்கு ஓடிவர வேண்டியிருந்த அவலம் பெருமளவு தீர்ந்தது.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இவை கண்முன் உள்ள சான்றுகள். சான்றிதழ் சரிபார்ப்பு, நேரில் கையெழுத்திட வேண்டிய நடைமுறைகள், ஓய்வூதியக் குழப்பங்கள், துறைத் தலைமையகங்களில் மேல்முறையீடு ஆகியவற்றில் எத்தனையோ வேலைகளை மதுரை, திருச்சி, கோவை, நெல்லையிலேயே முடிக்கலாம். 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மதுரை எய்ம்ஸ் முழுமையாக இயங்கும் நிலைக்கு வந்தால், சென்னை நோக்கி வரும் நோயாளிகளின் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும். இங்கே ஒரு மருத்துவமனைக் கட்டடம் தாமதமானால், அங்கே ரயில் பெட்டியில் கூட்டம் கூடுகிறது.

சுற்றிப் பார்க்க வருபவர்கள்

தலைநகரைச் சுற்றிப் பார்ப்பதற்காகவே வருபவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கடலையும் கோட்டையையும் காட்ட வேண்டும் என்று ஆண்டுக்கொரு முறை கிளம்பும் குடும்பங்கள். ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வந்து, இரு கை நிறையப் புத்தகங்களோடு அன்றிரவே திரும்பும் ஆசிரியர்கள், மாணவர்கள். இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தேவைக்கு வருபவரைப் போலவே மகிழ்ச்சிக்கு வருபவரும் வரி கட்டுகிறவர்தான். தங்கும் செலவைத் தாங்க முடியாத குடும்பத்துக்கு, ஒரு நாள் பயணம்தான் சுற்றுலா.

எழும்பூரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் 1851-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. உலகமே வந்து பார்க்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அங்கே உள்ளன. வெள்ளிக்கிழமை விடுமுறை. தாம்பரத்தில் இறங்கினால் வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கம், செவ்வாய்க்கிழமை விடுமுறை. இந்தச் சிறு தகவல்கூடத் தெரியாமல் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் இடத்தில், தமிழில், ஒரு பலகை போதும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மருத்துவமனைத் தேதிச் சீட்டையும் தேர்வு அழைப்புக் கடிதத்தையும் ஆதாரமாகக் காட்டிப் பதிவு செய்யும் வகையில், ஒவ்வோர் இரவு ரயிலிலும் ஒரு படுக்கை வசதிப் பெட்டியின் இடங்களைப் பயண நாளுக்கு ஐந்து நாள் முன்புவரை ஒதுக்கி வைக்க வேண்டும். எஞ்சும் இடங்கள் பொதுப் பதிவுக்குப் போகட்டும். நிலையத்தின் முன்பதிவு மையத்தில் நேரில் சென்று எடுக்க முடிய வேண்டும். யாருடைய பரிந்துரையும் தேவைப்படக் கூடாது. முதியோர் சலுகையைக் குறைந்தபட்சம் படுக்கை வசதி வகுப்பிலாவது உடனே மீட்டுத் தர வேண்டும்.

திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் காலையில் சென்னைக்கு வந்து மாலையில் திரும்பும், சாதாரணக் கட்டண அமரும் வசதி ரயில்களைத் தெற்கு ரயில்வே சோதனை முறையிலாவது ஆறு மாதம் இயக்கிப் பார்க்கட்டும். கன்னியாகுமரி விரைவு ரயில் எழும்பூரிலிருந்து மாலை ஐந்து மணியை ஒட்டியே கிளம்பிவிடுவதால் குமரி மக்களுக்குச் சென்னையில் கிடைக்கும் பகலே சுருங்கிவிடுகிறது. நெடுந்தொலைவு போக வேண்டிய ரயில் அது என்பது உண்மைதான். இரவு எட்டு மணிக்குப் பிறகு நாகர்கோவிலுக்கு இன்னொரு ரயில் கொடுத்தால் இந்தக் குறை தீரும்.

எழும்பூர், சென்ட்ரல், தாம்பரம் மூன்றிலும் குளியல் கூடமும், கட்டைப்பையையும் வாங்கி முத்திரையிட்டு வைக்கும் பொருள் வைப்பறையும் வேண்டும். மாநகராட்சி நினைத்தால், நிலையங்களுக்கு வெளியே தன் இடங்களில் இவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டே நடத்த முடியும்.

மாநில அரசு செய்யக்கூடியது இன்னும் எளிது. அரசு மருத்துவமனைகளில் வெளிமாவட்டத்தவருக்கு ரயில் சீட்டைப் பார்த்து முதல் வரிசை டோக்கன் தரலாம். தலைமையகங்களில் வெளியூர்க்காரர்களின் மனுக்களைக் காலை 10 மணியிலிருந்து 1 மணிக்குள் முடித்துக் கொடுக்க உத்தரவிடலாம். 2025-ல் தொடங்கிய ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சீட்டு எடுக்க முடிகிறது. அதிலேயே, வெளியூர்ப் பயணிகளுக்காக ஒரே ஒரு நாள் செல்லுபடியாகும் பொதுச் சீட்டு ஒன்றைக் கொண்டுவரலாம். செயலி இல்லாதவர்களுக்கு அதைக் காகிதமாக எழும்பூர் கவுன்ட்டரிலேயே விற்கலாம்.

அடுத்த கால அட்டவணை இறுதியாவதற்கு முன், மதுரை, திருச்சி, சேலம், திருவனந்தபுரம் கோட்டங்கள் தங்கள் இரவு ரயில்களில் ஒரு வாரம் கணக்கெடுக்க வேண்டும். எதற்காகச் சென்னை போகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று பொதுப் பெட்டிப் பயணிகளிடமும் கேட்டு, அந்த விவரத்தை நாடாளுமன்ற உறுப்பினர்களுடனான ஆண்டுக் கூட்டத்தில் முன்வைக்க வேண்டும். தென்மாவட்ட, டெல்டா, கொங்குப் பகுதி உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்குப் புதிய நிறுத்தம் கேட்கும் அதே மனுவில் இந்தக் கணக்கெடுப்பையும் கேட்கட்டும்.